எந்த மலை என்று கேட்டது

அந்தக் கோடை முழுக்க யோகராஜாவுக்கு எரிச்சல்தான். தோட்டத் துண்டு மூன்று, தண்ணீர்ப் பைப் ஒன்று, பைப்பைச் சுற்றி ஆள் மூன்று. அந்த மூன்று பேரில் இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. பார்க்காதவர்கள் பார்க்காமலேயே இருந்திருந்தாலும் பரவாயில்லை. தங்களுக்குள் சொல்ல வேண்டியதை எல்லாம் கொண்டுவந்து யோகராஜாவின் காதில் போட்டார்கள். ஹோஸைச் சுற்றி வைக்கச் சொல்லி அவனிடம் சொல்லுங்கள் என்பான் ஒருவன். நான் சுற்றித்தான் வைத்தேன் என்று அவனிடம் சொல்லுங்கள் என்பான் மற்றவன். சுவிஸில் நொஷாட்டல் நகரத்து ரெஸ்டோரண்டுகளில் முப்பது வருசம் கோப்பை கழுவிய மனிசன் அவர். எத்தனையோ குசினிச் சண்டை பார்த்தவர். ஆனால் இப்படி நடுவில் வைத்து நசிக்கப்பட்டதில்லை.

தோட்டம் நகரத்துக்கு மேலே, காட்டுக்குக் கீழே இருந்தது. தோட்டச் சங்கத்திடம் வாடகைக்கு எடுத்த துண்டுகள். வானம் வெளித்தால் ஏரியும் அதற்கு அங்காலே பனிமலையும் தெரியும் என்று எல்லோரும் புகழுவார்கள். யோகராஜா அதைப் பார்ப்பதில்லை. அவர் பார்ப்பது தன் பாவக்காய்க் கொடியையும் பச்சை மிளகாயையும். இடதுபக்கத் துண்டு சல்வத்தோருடையது. வலதுபக்கம் பொனிஃபாஸ். இரண்டு பேரும் புருண்டிக்காரர். ஆபிரிக்காவின் நடுவில் உள்ளங்கையளவு நாடு. முதலில் ஜெர்மன்காரன் பிடித்து வைத்திருந்தான், பிறகு பெல்ஜியக்காரன், அறுபத்திரண்டில் சுதந்திரம். இதெல்லாம் யோகராஜாவுக்கு இந்தக் கோடையில் தெரிந்தது. அதற்கு முந்திய பன்னிரண்டு வருசமும் அவருக்கு அவர்கள் ஆபிரிக்கர், அவ்வளவுதான். அவர்களுக்கு அவர் 'முசேய்'. முதலில் அவருக்கு அந்தச் சொல்லில் சந்தேகம். தன்னை ஏதோ நக்கல் அடிக்கிறான்கள் என்று ஒரு மாதம் முறைத்துக்கொண்டு திரிந்தார். பெரியவர் என்று அர்த்தமாம். அதையும் வேறு ஒரு ஆபிரிக்கனிடம் விசாரித்த பிறகுதான் நம்பினார்.

சல்வத்தோர் குட்டை, உருண்டை, பஸ் ஓட்டுநர். பொனிஃபாஸ் நெட்டை, முதியோர் இல்லத்தில் கிழடுகளைத் தூக்கிக் குளிப்பாட்டுகிற வேலை. இரண்டு பேரும் நகமும் சதையுமாக இருந்தவர்கள். யோகராஜாவுக்குக் குடலிறக்க ஒப்பரேசன் நடந்த வருசம் அவருடைய துண்டைக் கொத்திப் புரட்டியதும் இவர்கள்தான். கொத்தாமல் விட்டிருந்தால் சங்கத்துக்காரன் துண்டைப் பறித்திருப்பான். யோகராஜா வாயால் நன்றி சொல்லவில்லை. பாவக்காய் கொடுத்தார். அவர்கள் ஒருதரம் சாப்பிட்டுவிட்டு அடுத்த முறை வேண்டாம் என்றார்கள்.

குழப்பம் ஆனி மாதத்து ஒரு சனிக்கிழமை தொடங்கியது. சல்வத்தோரின் மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. ஆவணிக் கடைசியில் கோயிலில் ஞானஸ்நானம். பொனிஃபாஸ்தான் ஞானத்தகப்பன் என்று முடிவாகி, அந்தச் சந்தோசத்தில் தோட்டத்தில் நெருப்பு மூட்டி இறைச்சி வாட்டினார்கள். யோகராஜாவையும் கூப்பிட்டார்கள். அவர் இறைச்சி தின்றுகொண்டு ஞானத்தகப்பன் என்றால் என்ன என்று கேட்டார். தகப்பன் போனால் அடுத்த தகப்பன், இரண்டு குடும்பமும் இனி ஒன்று என்று விளங்கப்படுத்தினார்கள். இரண்டு குடும்பம் ஒன்றாகிறது என்று காதில் விழுந்ததும் யோகராஜாவுக்குள் இருந்த அச்சுவேலி ஊர்க்காரன் எழும்பிவிட்டான்.

யாழ்ப்பாணத்து ஆள் முன்பின் தெரியாதவனோடு ஒரு தேத்தண்ணி குடிக்கிறதென்றாலும் முதலில் ஊரைக் கேட்பான். பிறகு ஊரில் எவடம் என்பான். கோயிலுக்குக் கிழக்கோ மேற்கோ என்பான். தகப்பன் ஆர், என்ன செய்தவர் என்பான். நாலாவது பதிலோடு எதிரில் இருப்பவனின் சாதி கைக்கு வந்துவிடும். சாதியைக் கேட்டதாக ஒருத்தனும் குற்றம் சொல்ல முடியாது. யோகராஜா எழுபது வயது வரைக்கும் ஆளை அளந்தது இப்படித்தான். ரயிலிலும் கேட்டிருக்கிறார், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தும் கேட்டிருக்கிறார்.

"அப்ப நீங்கள் ரெண்டுபேரும் ஒரே இடமோ?" என்றார், தன்னுடைய குசினிப் பிரெஞ்சில்.

புருண்டி, என்றான் சல்வத்தோர்.

"அது தெரியும். புருண்டியிலை எவடம்?"

வடக்குப் பக்கம், என்றான் சல்வத்தோர். நடுப்பக்கம், என்றான் பொனிஃபாஸ். அங்கே ஊர் என்று இல்லையாம், மலைதானாம். ஒவ்வொருத்தனும் ஒரு மலைக்குச் சொந்தம். அதை ஏன் சொன்னான்கள்? யோகராஜா பிடித்துக்கொண்டார். எந்த மலை என்று கேட்டார். இறைச்சி கருகுது முசேய், என்றான் சல்வத்தோர்.

"கருகட்டும். எந்த மலை? தகப்பன் என்ன தொழில்?"

பொனிஃபாஸ் இரண்டு பியர் குடித்திருந்தான். ஞானத்தகப்பன் ஆன சந்தோசப் புளுகம் வேறு. "தகப்பன் வாத்தியார். மலை ருசாமா," என்றான். சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவனுக்கே விளங்கியதுபோல வாயை மூடினான்.

சல்வத்தோர் இடுக்கியைக் கீழே வைத்தான். தங்கள் பாசையில் ஏதோ கேட்டான், நாலைந்து சொல்தான் இருக்கும். பொனிஃபாஸ் ஒரு சொல்லில் பதில் சொன்னான். சல்வத்தோர் ஜக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒழுங்கையால் இறங்கிப் போனான். பொனிஃபாஸ் மற்றப் பக்கத்தால் போனான். யோகராஜா தனியாக நின்று கருகின இறைச்சியைத் திருப்பிப் போட்டார். என்ன நடந்தது என்று அவருக்கு ஒரு இழவும் விளங்கவில்லை.

அடுத்த கிழமை சல்வத்தோர் தண்ணீருக்குத் தனியாக ஒரு பீப்பாய் கொண்டுவந்து வைத்தான். பொனிஃபாஸ் வருகிற நேரம் பார்த்து அவன் வருவதில்லை. ஞானத்தகப்பன் விசயம் என்ன என்று கேட்டதற்கு, யோசிக்க வேண்டும் என்றான். மகள் அழுகிறாளாம், பொனிஃபாஸ் மாமாதான் வேண்டும் என்கிறாளாம். யோகராஜா வீட்டில் போய்ச் சொன்னார். மனைவி பரமேஸ்வரி கறிச்சட்டியைக் கிளறிக்கொண்டு நின்றவள் திரும்பியும் பார்க்கவில்லை.

"உங்கடை வாய் சும்மா கிடக்காதோ? மிதுனுக்குப் பொம்பிளை பாக்கேக்கையும் எவடம் எவடம் எண்டு குடைஞ்சுதான் மூண்டு சம்பந்தத்தைக் குழப்பினீங்கள்," என்றாள். மகன் மிதுன் கடைசியில் ஒரு போர்த்துக்கல்காரியைக் கட்டிக்கொண்டு வந்தான். அவளிடம் எவடம் என்று கேட்டு என்ன பிரயோசனம்.

சண்டைக்குக் காரணம் அறியாமல் யோகராஜாவுக்கு நித்திரை வராது. சல்வத்தோரைத் தோட்டத்தில் பிடிக்க முடியாததால் அவனுடைய பஸ்ஸில் ஏறினார். ஓட்டுகிறபோது கதைக்கக் கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறான். கடைசித் தரிப்பில் கொஞ்ச நேரம் நிற்பான், அங்கேதான் கதைக்கலாம். நாலு சொல் கதைப்பதற்குள் வெளிக்கிடுகிற நேரம் வந்துவிடும். யோகராஜா மறுபடியும் உட்கார்ந்து நகரத்தைக் குறுக்காக வெட்டிக்கொண்டு மற்றக் கடைசித் தரிப்புக்குப் போவார். இப்படி ஒரு நாட்டின் சரித்திரத்தைக் கேட்க ஒரு பின்னேரம் முழுக்கப் பஸ்ஸில் மேலும் கீழும் போய் வந்தார். முதுகு விட்டுப்போனது.

சல்வத்தோர் தொண்ணூற்றுமூன்றில் தொடங்கினான். நாட்டில் இரண்டு இனம், அவன் டுட்சி, பொனிஃபாஸ் ஹுட்டு. அது இரண்டு பேருக்கும் பழகிய முதல் நாளே தெரியும். அதில் ஒன்றுமில்லை என்றான். அந்த வருசம்தான் நாட்டில் முதல்முதல் ஒழுங்கான தேர்தல் நடந்து ஒரு ஹுட்டு ஜனாதிபதி ஆனான். ஐப்பசியில் டுட்சி ஆமிக்காரர் அவனைக் கொன்றார்கள். அந்த ஆத்திரத்தை ஹுட்டுக்கள் மலைகளில் இருந்த டுட்சிச் சனத்தின் மீது தீர்த்தார்கள். செய்தது ஆமி இல்லை, பக்கத்து வீட்டுக்காரர். நேற்று வரைக்கும் அவரைக்காய் கொண்டுவந்து தந்தவன். சல்வத்தோரின் அக்காமார் இரண்டு பேர் ருசாமா மலைப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர்கள். இரண்டு பேரையும் அந்த மலைச் சனம்தான் முடித்தது. இங்கே வந்த புருண்டிக்காரர் ஒருத்தனை ஒருத்தன் ஹுட்டுவோ டுட்சியோ என்று பார்ப்பார்கள், ஆனால் மலையை மட்டும் கேட்க மாட்டார்கள். கேட்டால் அதற்குப் பிறகு ஒன்றாக இருந்து சாப்பிட முடியாது. அதுதான் வழக்கம்.

"உங்களை ஆர் கேக்கச் சொன்னது?" என்று கேட்டுவிட்டுக் கதவைப் பூட்டிப் பஸ்ஸை எடுத்தான்.

பொனிஃபாஸை முதியோர் இல்லத்துப் பின்பக்கம், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், சிகரெட் பிடிக்கிற நேரத்தில் பிடித்தார். அவன் எழுபத்திரண்டில் தொடங்கினான். அந்த வருசம் தெற்கில் ஹுட்டுக்கள் கொஞ்சப் பேர் கிளம்பி டுட்சிகளை வெட்டினார்களாம். அதைச் சாட்டாக வைத்து டுட்சிகளின் கையில் இருந்த அரசாங்கமும் ஆமியும் எழுத வாசிக்கத் தெரிந்த ஹுட்டு எவனையும் விடவில்லையாம். வாத்தியார், எழுதுவினைஞர், மாணவன் என்று லொறியில் ஏற்றினார்களாம். பொனிஃபாஸின் தகப்பனும் ஏறினார். பொனிஃபாஸ் அப்போது தாயின் இடுப்பில். தகப்பனின் முகம் தெரியாது. அதைப் பற்றி நாட்டில் வாய் திறக்கவே கூடாது என்று வைத்திருந்தார்கள், இருபது வருசம்.

யோகராஜா இரண்டையும் வைத்துப் பார்த்தார். ஒருத்தன் எழுபத்திரண்டு என்றால் மற்றவன் அறுபத்தைந்து என்பான். இவன் எண்பத்தெட்டு என்றால் அவன் சுதந்திரத்துக்கு முதலே சுட்டுக்கொல்லப்பட்ட இளவரசனுக்குப் போவான். தமிழ்க்கடைக்குள் மரக்கறி வாங்கப் போனால் ஐம்பத்தாறு, ஐம்பத்தெட்டு, எண்பத்துமூன்று என்று கலவரம் கலவரமாக எங்கடை சனம் கதைக்கிற அதே கதை. வருசம்தான் வேறு. கடைக்காரன் நிருசன் பாதி நாளில் ரேடியோச் சத்தத்தைக் கூட்டி வைத்துவிடுவான். இங்கே கூட்டி வைக்க ரேடியோவும் இல்லை.

ஒரு விசயத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள். பெல்ஜியக்காரனைத் திட்டுவதில். முன்னே ஒரே ராசா, ஒரே பாசை, ஒரே கடவுள். மாடு வைத்திருந்தவன் பெரும்பாலும் டுட்சி, மண் கொத்தினவன் பெரும்பாலும் ஹுட்டு, ஆனால் கலியாணமும் கட்டினார்கள், கொடுத்தும் வாங்கினார்கள். வெள்ளைக்காரன் வந்து மூக்கை அளந்தான், உயரத்தை அளந்தான், நெட்டையன் ஆளப் பிறந்தவன், குட்டையன் கொத்தப் பிறந்தவன் என்றான். ஹுட்டுத் தலைமைக்காரரைத் தூக்கிப்போட்டுப் பதவியை எல்லாம் மற்றப் பக்கத்துக்கே கொடுத்தான். யோகராஜா தன் இரண்டு பேரையும் நினைத்துப் பார்த்தார். இங்கே குட்டையன் டுட்சி, நெட்டையன் ஹுட்டு. அளந்தவன் இந்த இரண்டு பேரையும் கண்டிருந்தால் அளவுகோலை ஏரிக்குள் எறிந்திருப்பான்.

"பெல்ஜியக்காரன்தான் செய்தான் எண்டால் அவனோடை கோவியுங்கோவன். இஞ்சையிருந்து ரயிலிலை போற தூரம்தானே," என்றார் பொனிஃபாஸிடம். அவன் சிரிக்கவில்லை.

வீட்டில் பரமேஸ்வரியிடம் சத்தம் போட்டார். எங்களுக்காவது சிங்களவன் வேறு பாசை, வேறு கோயில். இவங்களுக்குப் பாசை ஒன்று, கோயில் ஒன்று, தோட்டத்தில் வைக்கிற கீரையும் ஒன்று, பிறகு என்ன இழவை வைத்து வெட்டினான்கள் என்று கேட்டார்.

"அச்சுவேலியிலை ஆரை எங்கடை கிணத்திலை அள்ள விட்டனீங்கள்? அவையும் தமிழ்தானே கதைச்சவை," என்றாள் அவள். யோகராஜா டிவியைப் போட்டார்.

ஆவணி பாதி கழிந்தது. ஞானஸ்நானத்துக்கு அதிக நாள் இல்லை. சல்வத்தோர் ஒரு நாள் தோட்டத்துக்கு வந்து, யோகராஜாவின் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். தனக்கு அறிய வேண்டியது ஒன்றுதான் என்றான். தொண்ணூற்றுமூன்று ஐப்பசியில், அந்தக் கிழமை, பொனிஃபாஸ் எங்கே நின்றவன்? தான் கேட்க மாட்டானாம். தான் கேட்டு அவன் பொய் சொன்னால் தனக்குத் தெரிந்துவிடும், பிறகு அவனை என்ன செய்வேன் என்று தெரியாது என்றான்.

"தொடக்கினது நீங்கள். மிச்சத்தையும் நீங்களே கேளுங்கோ."

யோகராஜா முடியாது என்றார். நான் என்ன பொலிஸோ என்றார். இரண்டு நாள் முறுகிக்கொண்டு திரிந்துவிட்டு மறுபடியும் குப்பைத் தொட்டியடிக்குப் போனார். பொனிஃபாஸ் அந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்திருந்தவன்போல சிகரெட்டைக் காலால் நூர்த்தான்.

"மலையிலைதான் நிண்டனான். இருபத்திரண்டு வயசு. வாழைக்குள்ளை ஒளிச்சிருந்தனான். அவங்கள் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதைப் பாத்தனான். பின்னேரம் திரும்பி வந்ததையும் பாத்தனான். அவங்களோடை நான் போகேல்லை. மறிக்கவும் இல்லை. அடுத்த மாதம் எல்லை தாண்டினனான்."

யோகராஜா அவன் கையைப் பார்த்தார். கிழவர்களைத் தூக்குகிற பெரிய கை. நம்பலாமோ? அவர் யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. வாழைக்குள் ஒளித்திருந்தேன் என்று எவனும் சொல்லலாம். எங்கடை ஆட்களிலும் இங்கே வந்து எத்தனை பேர் எத்தனை கதை சொன்னான்கள். ஆனால் பொய் சொல்லுகிறவன் மறிக்கவில்லை என்று ஏன் சொல்லப் போகிறான்? மலையிலேயே இல்லை என்று சொல்லியிருக்கலாமே.

கேட்டதைக் கேட்டபடி பஸ்ஸுக்குக் கொண்டுபோய்ச் சல்வத்தோரிடம் சொன்னார். ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நம்புறதும் விடுறதும் உன்ரை பாடு என்றார். சல்வத்தோர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி திரும்பினான்.

"திரும்பி வந்தவங்கள் ஆர் ஆர் எண்டு கேளுங்கோ. பேரைச் சொல்லச் சொல்லுங்கோ," என்றான்.

யோகராஜாவுக்குப் பொறுமை அறுந்தது. பஸ்ஸுக்குள் நாலு சுவிஸ்காரி இருக்க, தமிழிலேயே திட்டினார். நான் உங்கடை தபால்காரனோ என்று கேட்டுவிட்டு இறங்கி, நேரே தோட்டத்துக்கு ஏறினார். குறடு எடுத்துப் பைப்பின் திருகியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார். சல்வத்தோரின் பீப்பாயை உதைத்துக் கவிழ்த்தார். தண்ணீர் பாத்திக்குள் ஓடியது. மழை இல்லாத ஆவணி. ஒரு நாள் தண்ணீர் விடாவிட்டால் அவரைக் கொடி சோர்ந்துவிடும். தன்னுடைய பாவக்காயும் சேர்ந்து வாடும் என்று தெரிந்துதான் செய்தார். சனிக்கிழமை காலமை வந்தால் தண்ணி, இல்லையெண்டால் இல்லை என்று இரண்டு பேருக்கும் போன் அடித்தார்.

வந்தார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒரே கோபத்தில் வந்தார்கள். கோபம் யோகராஜாவில். பைப் சங்கத்தின் சொத்து, கைவைக்க அவருக்கு உரிமை இல்லை என்று சல்வத்தோர் கத்தினான். கிழவருக்கு மண்டை கழன்றுவிட்டது என்று பொனிஃபாஸ் கத்தினான். ஒருத்தன் விட்ட இடத்தில் மற்றவன் பிடித்தான். ஒத்துக் கத்தி எவ்வளவு காலம் ஆகியிருக்கும். யோகராஜா தன் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்.

"அவனுக்குப் பேர் வேணுமாம். வாழைக்குள்ளை இருந்து பாத்த நீ சொல்லு. இல்லையெண்டால் ரெண்டுபேரும் கீரையைக் காயவிட்டுட்டுப் போங்கோ," என்றார்.

சத்தம் நின்றது. பொனிஃபாஸ் சல்வத்தோரைப் பார்க்கவில்லை, காய்ந்துகிடந்த தன் பாத்தியைப் பார்த்தான். தங்கள் பாசையில் மெதுவாகத் தொடங்கினான். யோகராஜாவுக்கு அந்தப் பாசை தெரியாது. ஆனால் பேர் பேர்தானே. ஒவ்வொரு பேராக வந்து விழுந்தது. சில பேர்களைச் சொல்வதற்கு முன்னால் அவன் நின்று மூச்சு எடுத்தான். ஒரு பேரைப் பாதியில் விட்டு, மறுபடியும் சொன்னான். அது அவனுடைய தாய்மாமன் என்று பிறகு யோகராஜாவுக்குத் தெரிந்தது. தகப்பன் லொறியில் போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்த மாமன். அந்தப் பேரை அவன் முப்பது வருசமாக ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் சொந்த மலையைக் காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடும், பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது.

பேர்கள் முடிந்தன. சல்வத்தோர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவி மறுபடியும் போட்டான்.

"நாளைக்குப் பத்து மணி, கோயிலிலை. பிந்தாதை," என்றான் பிரெஞ்சில். கை கொடுக்கவில்லை. யோகராஜாவைப் பார்த்துக் கையை நீட்டினான், திருகிக்கு. வாங்கி, தானே பூட்டி, பைப்பைத் திறந்து, ஹோஸை எடுத்து முதலில் பொனிஃபாஸின் பாத்திக்கு விட்டான் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அவன் தன்னுடையதுக்குத்தான் விட்டான். நிறைய நேரம் விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பொனிஃபாஸ் பிந்தாமல் வந்தான். பிள்ளையை ஏந்திக்கொண்டு நின்றான், குரு தண்ணீர் ஊற்றினார், பிள்ளை கத்தியது. சல்வத்தோரின் மகள் சிரித்தும் அழுதும் நின்றாள். யோகராஜா பட்டு வேட்டியோடு கடைசி வரிசை வாங்கில் இருந்து, பிள்ளையைப் பார்க்காமல் அந்த இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பிடிபடவில்லை. மன்னித்துவிட்டானோ, மகளுக்காக வாயைக் கட்டிக்கொண்டு நிற்கிறானோ? கேட்டுவிடுவோமோ என்று எழும்பினார். பரமேஸ்வரி வேட்டியைப் பிடித்து இழுத்து இருத்தினாள்.

வெளியே படம் எடுத்தார்கள். பிள்ளையின் தாத்தாவும் ஞானத்தகப்பனும் மட்டும் நில்லுங்கள் என்றான் படம் எடுக்கிற பெடியன். நின்றார்கள். கிட்ட வாருங்கள் என்றான். பொனிஃபாஸ் ஒரு அடி வைத்தான். சல்வத்தோர் நின்ற இடத்தில் நின்றான். இன்னும் கொஞ்சம் என்றான் பெடியன். ஒருத்தரும் அசையவில்லை. அவன் அலுத்துப்போய் அப்படியே எடுத்தான்.

அந்தப் படம் இப்போது சல்வத்தோரின் வீட்டு மண்டபத்தில் தொங்குகிறது. யோகராஜா போகிற நேரமெல்லாம் அதன் முன்னால் நின்று பார்ப்பார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆள் தாராளமாக நிற்கலாம். மாட்டாமல் விட்டிருக்கலாம், மாட்டியிருக்கிறான். அதை என்னவென்று எடுத்துக்கொள்வது? தோட்டத்திலும் அப்படித்தான். ஹோஸைப் பற்றி நேராகவே கதைக்கிறார்கள், அவரைக்காய் மாற்றிக்கொள்கிறார்கள். இறைச்சி வாட்டுவதில்லை. போன கிழமை பின்பக்கத் துண்டுக்கு எரித்திரியாவிலிருந்து ஒரு புது ஆள் வந்தான். நல்ல பெடியன், வந்த உடனேயே வணக்கம் சொன்னான். யோகராஜா அவனைப் பார்த்து வாயைத் திறந்தார். இரண்டு புருண்டிக்காரரும் ஒரே நேரத்தில் மண்வெட்டியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தார்கள்.

"மிளகாய் வைக்கிறதெண்டால் இப்ப வைக்காதை, குளிர் வரப்போகுது," என்றார் யோகராஜா எரிச்சலோடு.